மிலிட்டரி நைனா போயிட்டாரு: ஆறு கடுதாசி, ஒரே ஆளு

இந்த மாசம் வந்த தபாலு, வாட்ஸ்அப், மெயில் எல்லாத்தையும் பிரிச்சு வெச்சுப் பாத்தா ஆறு பேரு ஒரே மனுஷனப் பத்தி எழுதியிருக்கீங்க. குடியாத்தம் தாண்டி ஆந்திரா பார்டர் ஓரமா சைனகுண்டா, மோர்தானா, பரதராமி, பலமனேர்னு ஆளுக்கொரு ஊரு, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது. வழக்கமா வர்ற மாமியார் சண்ட, முடி கொட்டுறது, எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்க பக்கம் யானைக்குன்னே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. கௌண்டின்யா காட்டுல இருந்து எறங்குச்சுன்னா யாரு பாத்தாலும் அதுல போட்டுடுவோம், முந்நூறு பேருக்கு மேல இருக்கோம், தமிழு தெலுங்கு ரெண்டும் ஓடும். அதுல மிலிட்டரி நைனான்னு ஒரு பெரியவரு, ரிட்டயர்டு ஹவில்தார், ராணுவத்துல பாலம், பாதை போடற மெட்ராஸ் சப்பர்ஸ் படையில டிரைவரா இருந்தவரு. ராத்திரி ரெண்டு மணியானாலும் மூணு மணியானாலும் அவரு வாய்ஸ் வந்தாதான் தண்ணி பாய்ச்சப் போலாமா வேணாமான்னு நாங்க முடிவு பண்ணுவோம். தூக்கத்துலயே போயிட்டாரு. அட்மின் அண்ணன் மரியாதைக்காக பதினாறாம் நாள் வரைக்கும் குரூப்ப மூடிட்டாரு, அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும். அஞ்சாம் நாள் ராத்திரி மூணு யானை எங்க வாழத்தோப்புல பூந்து நாசம் பண்ணிடுச்சு. பக்கத்து நெலத்துக்காரரு பாத்திருக்காரு, குரூப்புல போட முடியல, என் நம்பரும் அவருகிட்ட இல்ல. இப்ப நான் வாயத் தொறந்தா செத்தவருக்கு மரியாத தெரியாதவன்னு பேராயிடும். பொறுத்துக்கணுமா?
(வாழை வெச்ச தம்பி, சைனகுண்டா பக்கம்)

பதில்: பொறுத்துக்க வேணாம் தம்பி. இந்த புக்கு உன் கைக்கு வர்றதுக்குள்ள பதினாறு முடிஞ்சு கறிச்சோறும் ஆயிருக்கும்னு தெரியும், அதனாலதான் உனக்கு அன்னிக்கே தனியா பதில் போட்டுட்டேன், ஆனா நாளைக்கு வேற ஏதாவது குரூப்புல இதே மாதிரி பூட்டப் போறாங்களேன்னு இங்கயும் எழுதறேன். அட்மின் அண்ணன் மேல கோவப்படாத. அவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல, ஊருல பெரிய மனுஷன் போனா கடையடைப்பு நடக்குமே அந்தப் பழக்கத்துல பட்டுன்னு ஷட்டர எறக்கிட்டாரு. அவரு எறக்கினது மளிகைக்கடை ஷட்டரா இருந்தா பரவால்ல, ராத்திரிக் காவல அல்லவா எறக்கிட்டாரு.

எங்க நைனாவும், அதான் எங்க அப்பாவும், மிலிட்டரிதான். அவருகூட ரெண்டு மூணு ஃபங்ஷனுக்குப் போயிருக்கேன், அங்க பாத்தத சொல்றேன். லாஸ்ட் போஸ்ட்னு ஒரு பியூகிள் ஊதுவாங்க, கேட்டா வயித்தப் பெசையும், அப்புறம் எல்லாரும் அசையாம நிப்பாங்க, அது ரெண்டே நிமிஷம். அதுக்கப்புறம் ரவுஸ்னு இன்னொரு பியூகிள் வரும், எழுந்திருன்னு அர்த்தம். அவ்ளோதான், டூட்டிக்குத் திரும்பிடுவாங்க. ஆயிரம் பேரு செத்த சண்டைக்கே ரெண்டு நிமிஷம்னா, உங்க நைனாவுக்குப் பதினாறு நாளு ஊரே வாய மூடணும்னு அவரு கேட்டிருப்பாரா? கேட்டிருந்தா அவரு எதுக்கு ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உக்காந்து வாய்ஸ் போடறாரு.

உங்க ஏரியா தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த. அந்தக் காட்டுல ரொம்ப காலமா யானையே கெடையாது, எரநூறு வருஷம் இல்லாம இருந்துட்டு 1980கள்ல ஓசூர் பக்கமா இருந்து கூட்டமா நடந்து வந்து சித்தூர் காட்டுல தங்கிடுச்சுங்க, 1990ல ஆந்திரா கவர்மெண்ட் அத கௌண்டின்யா சரணாலயம்னு அறிவிச்சாங்க. யானைக்கு ஸ்டேட் பார்டர் தெரியுமா, வாழ, கரும்பு, மாம்பழம் எங்க வாசன வருதோ அங்க எறங்கும். அந்த பக்கத்து தாத்தா பாட்டிங்களுக்கே யானையோட வாழ்ந்து பழக்கம் இல்ல, அவங்க காலத்துல இல்லாத ஒண்ணு. அதனாலதான் நேரத்துக்கு வர்ற ஒரு சேதி அங்க உயிரு மாதிரி.

அட்மின் அண்ணன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லு. இரங்கலுக்குத் தனியா ஒரு குரூப் ஆரம்பிங்க, அழறது, போட்டோ போடறது, பழைய கத பேசறது எல்லாம் அங்க. யானை குரூப்ப உடனே தொறந்துடுங்க. இன்னொண்ணு, இனிமே ஒருத்தரயே நம்பி இருக்காம ராத்திரிக்கு ரெண்டு பேருன்னு டூட்டி போட்டுக்கோங்க, மிலிட்டரில செண்ட்ரி, அதான் காவலுக்கு நிக்கற ஆள மாத்துவாங்களே அந்த மாதிரி. உன் வாழைக்கு நஷ்ட ஈடு கேக்கணும்னா சாஞ்ச மரத்த வெட்டறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.கிட்டயும் ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஆபீஸ்லயும் எழுதிக் குடு, லேட் பண்ணாத. கோவத்துல வேலியில கரண்ட் மட்டும் வெச்சுடாத, யானைக்கு வெச்ச கம்பியில ஆளுங்க செத்த கத ஏராளம்.

கேள்வி: மேடம், எங்க மிலிட்டரி தாத்தா எறந்த மறுநாளே ஒரு ஃபார்வர்டு கெளம்பிடுச்சு. "1971 போரில் தனி ஆளாக 12 எதிரிகளைச் சிறைப்பிடித்த வீரத்தமிழன், பரம்வீர் சக்ரா கிடைக்காமல் மறைந்தார், அரசு மறந்துவிட்டது, நீங்களாவது ஷேர் செய்யுங்கள்"னு, பின்னாடி டாங்கு போட்டோ. அவரு எங்ககிட்ட சொன்னது வேற. சண்ட அப்போ பதான்கோட் பக்கம் லாரி ஓட்டிட்டிருந்தேன், துப்பாக்கியால சுட்டது ரேஞ்சுல அட்டைய மட்டும்தான்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாரு. அவரு பேரனே அந்த ஃபார்வர்ட ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கான். இந்த நேரத்துல போயி இது பொய்னு சொல்றது தப்பா?
(காலேஜ் படிக்கிறவன், பேர்ணாம்பட்டு)

பதில்: எனக்கு இந்த "அரசு மறந்த வீரன்" ஃபார்வர்டு மேல ரொம்ப நாளா ஒரு எரிச்சல் இருக்கு, இன்னிக்கு அதக் கொட்டிடறேன். எழுதினவன் அந்தப் பெரியவர ஒரு தடவ கூடப் பாத்திருக்க மாட்டான். டிரைவர்னு எழுதினா யாரு ஷேர் பண்ணுவாங்கன்னு அவனுக்கு ஒரு கணக்கு.

1971 சண்ட டிசம்பர் 3ல இருந்து 16 வரைக்கும் நடந்துச்சு. போர்ல காட்டின வீரத்துக்குக் குடுக்கற பெரிய விருது பரம்வீர் சக்ரா, அந்தச் சண்டைக்கு அத வாங்கினவங்க மொத்தம் 4 பேரு, ஆல்பர்ட் எக்கா, நிர்மல்ஜித் சிங் சேகோன், அருண் கேத்தர்பால், ஹோஷியார் சிங். யாரு வேணா பாத்துக்கலாம், ஒளிவு மறைவு ஒண்ணும் கெடையாது. அந்த அருண் கேத்தர்பால் சண்ட போட்ட எடம் பசந்தர் ஆறு, பதான்கோட்ட தாண்டி ஷகர்கர் பக்கம். டாங்கு போகணும்னா முன்னாடி பூரா கண்ணிவெடி வயலு, அதுல ராத்திரியோட ராத்திரியா வழி போட்டுக் குடுத்தவங்க யாருன்னு நெனக்கிற? நம்ம மெட்ராஸ் சப்பர்ஸ். டாங்குல போனவங்க பேரு எல்லாருக்கும் தெரியும், வழி போட்டவங்களத் தம்பின்னு கூப்புடுவாங்க, அதான் சப்பர்சுக்கு மொத்த ஆர்மியிலயும் பேரு, தம்பி. 1780ல செயின்ட் ஜார்ஜ் கோட்டைல ஆரம்பிச்ச படை அது, இப்ப செண்டர் பெங்களூருல.

லாரி ஓட்டறது லேசுன்னு நெனைக்காத. லைட்டு போட முடியாது, போட்டா மேல இருந்து குண்டு விழும். ஃப்ரண்ட்டுல இருக்கறவனுக்குப் பாலத்துக்கு இரும்பும், குண்டும், சப்பாத்தி மாவும் யாரோ ஒருத்தர் ஓட்டிக்கிட்டுப் போய்தான் சேத்தாங்க.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்லு இருக்கு, காய்கறி வாங்கப் போறவங்க நூறுல ஒருத்தர்கூட நிமிந்து பாக்க மாட்டாங்க. இந்த கிராமத்துல இருந்து 277 பேரு 1914ல ஆரம்பிச்ச பெரிய போருக்குப் போனாங்க, அதுல 14 பேரு உயிர விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல வெட்டியிருக்கு. (வேலூரப் போயி கிராமம்னு போட்டிருக்கான் வெள்ளக்காரன், அது வேற கத.) அந்த 277 பேருல யாரு சுட்டான், யாரு சமைச்சான், யாரு கோவேறு கழுதைய மேய்ச்சான்னு ஒரு வரி கெடையாது. போனாங்க, அவ்ளோதான்.

ஸ்டேட்டஸ் கீழ போயி "இது பொய்"னு போடாத, துக்க வீட்டுல நின்னு கத்துற மாதிரி ஆயிடும். பேரன நேர்ல பாரு, டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போ, தாத்தா உங்கிட்ட சொன்ன லாரி கதைய எல்லாம் அவனுக்குச் சொல்லு. அவனுக்கு அது தெரியாமலே இருக்கலாம், வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் பெரியவங்க கத எதுவும் தெரியறதில்ல, எனக்கே எங்க நைனா கத பாதி அவரு ஃப்ரண்டுங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. கேட்டான்னா அவனே ஸ்டேட்டஸ மாத்துவான்.

கேள்வி: அக்கா, பையன் துபாய்ல இருந்து வரணும்னு பாடிய ஃப்ரீசர் பாக்ஸ்ல வெச்சிருந்தாங்க. எங்க தெரு பசங்க கடையில இருந்து தேசியக் கொடி வாங்கிட்டு வந்து மேல போத்திட்டாங்க, எல்லாரும் கையத் தட்டினாங்க. கொஞ்ச நேரத்துல இன்னொரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரரு வந்து, யாரக் கேட்டுடா போட்டீங்கன்னு சத்தம் போட்டு எடுத்து மடிச்சு வெச்சுட்டாரு. பசங்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம், சாவு வீட்டுல அசிங்கமா போச்சு. யாரு பக்கம் நியாயம்?
(பரதராமி வாசகி)

பதில்: சட்டம் அந்த ரிட்டயர்டு பெரியவர் பக்கம், மனசு பசங்க பக்கம். கொடிய உடம்பு மேல போத்தறது அரசு மரியாதையோட நடக்கற சாவுக்கும், ராணுவம், துணை ராணுவம் நடத்தற இறுதிச் சடங்குக்கும் மட்டும்தான். மத்தபடி நாமா வாங்கிப் போத்தினா 1971 வருஷத்து தேசியச் சின்ன அவமதிப்புச் சட்டத்துல வரும், ஆச இருந்தாலும் வரும். போத்தினாலும் அதுக்கு மொற இருக்கு, காவி தலப்பக்கம் வரணும், கொடியக் குழியில எறக்கக் கூடாது, செதையில எரிக்கவும் கூடாது, எடுத்து மடிச்சுடணும். பசங்க அது வரைக்கும் யோசிச்சிருக்க மாட்டாங்க, சினிமால பாத்தது.

உங்க ஊருல மிலிட்டரிக்காரங்க நெறைய பேரு, நம்ம வேலூர் ஜில்லாவே அப்படித்தானே, கம்மவான்பேட்டைல வீட்டுக்கு வீடு மிலிட்டரி. அதனால அடுத்த தடவைக்கு இது தெரிஞ்சிருக்கட்டும்: எறந்த உடனே வேலூர்ல இருக்கற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு இவரு இன்ன ரெஜிமெண்ட், இன்ன நம்பர், என்ன மரியாத செய்ய முடியும்னு கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுப்படி. ஒண்ணும் வரலன்னாலும், அவரு மெடல ஒரு தலகாணி மேல குத்தி காலடியில வைக்கலாம், தொப்பிய வைக்கலாம், ஊருல இருக்கற பழைய மிலிட்டரிக்காரங்க வரிசையா நின்னு ஒரு சல்யூட் வைக்கலாம். எங்க நைனாவுக்கு அப்படித்தான் பண்ணாங்க, ஒருத்தருக்கு முட்டி வலி, நிக்கவே முடியாது, செவுத்தப் புடிச்சுக்கிட்டு ஒரு கையால வெச்சாரு பாருங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு அழுகையே வந்துச்சு.

பசங்கள அந்தப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பி மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க, அவரும் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்னு அவரு சம்சாரம் காதுல போடுங்க.

கேள்வி: மேடம், நான் அந்த வீட்டு மருமகதான். மாமாவுக்கு ஸ்பர்ஷ்ல, அதான் மிலிட்டரி பென்ஷனுக்கான ஆன்லைன் போர்ட்டல்ல, பென்ஷன் வந்துட்டிருந்துச்சு. அத்தைக்கு மாத்தணும். அத்தை பேரு ஆதார்ல ஒரு மாதிரி, மாமா பென்ஷன் புக்குல ஒரு மாதிரி. எங்க பையன் தாத்தா ஏ.டி.எம். கார்டுல இந்த மாசப் பென்ஷன எடுத்து சாவு செலவுக்குக் குடுத்துட்டான். குரூப்புல எல்லாரும் அழறாங்க, எனக்கு அழக்கூட நேரம் இல்ல, பயமா இருக்கு.
(பேரு வேணாம்)

பதில்: தங்கச்சி, உன் கேள்விதான் இந்த மாசத்துல முக்கியம், மத்தவங்க கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

மொதல்ல பணம். எறந்த தேதி வரைக்கும் உள்ள பென்ஷன்தான் உங்களுது, அதுக்கு மேல வந்தது திருப்பிக் கட்ட வேண்டியது, அவங்களே புடிச்சுக்குவாங்க. எடுத்தது எடுத்தாச்சு, மறைக்காத, இனிமே அந்தக் கார்டத் தொட வேணாம்னு பையன்கிட்ட சொல்லு.

அடுத்தது, மாமாவோட சிம்ம ஆஃப் பண்ணிடாதீங்க. ரீசார்ஜ் பண்ணி உயிரோட வையுங்க. ஸ்பர்ஷ், பேங்கு எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான் குடுத்திருப்பாரு, ஓ.டி.பி. அதுக்குத்தான் வரும். 90 நாளைக்கு மேல சும்மா கெடந்தா கம்பெனிக்காரன் லைன வெட்டி அப்புறம் வேற யாருக்காவது குடுத்துடுவான். (குரூப்ல அவரு நம்பர ரிமூவ் பண்ணலாமா வேணாமான்னு சண்ட நடக்குதாமே, இந்த வேல முடியற வரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க சாமி.)

குடும்பப் பென்ஷன் எவ்ளோன்னு பயப்படாத. 67 வயசத் தாண்டினவரு எறந்தா சம்சாரத்துக்குச் சாதாரண ரேட்டு, கடைசிச் சம்பளக் கணக்குல 30 சதவீதம். அவரு வாங்கினது 50 சதவீதக் கணக்குன்னா ஏறக்குறைய அதுல அஞ்சுல மூணு பங்குன்னு வெச்சுக்கோ. கொறஞ்சது மாசம் 9,000, அதுக்கு மேல டி.ஏ. தனி. டெத் சர்டிஃபிகேட் ஒரு டஜன் காப்பி எடுத்துக்கோ, கம்மியா எடுத்துட்டு நாங்க பட்ட பாடு போதும்.

பேரு விஷயம். எங்கம்மா பேரு முடியற எடத்துல ஒரு "ள்" இருக்கும். ஆதார்ல "ள்" உண்டு, நைனா ரெகார்ட்ல "ள்" கெடையாது. அந்த ஒத்த எழுத்துக்கு எட்டு மாசம் அலைஞ்சோம், ஒரு பேங்குல ஒரு அம்மா, "இவங்கதான் அவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்"னு கேட்டுச்சு, எங்கம்மா ஒண்ணுமே பேசல, ரவிக்கைக்குள்ள இருந்து கல்யாண போட்டோவ எடுத்து டேபிள் மேல வெச்சாங்க. அது செல்லாதாம். அதனால நீ பேங்குல ஆரம்பிக்காத, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல ஆரம்பி. டிஸ்சார்ஜ் புக்கு, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), ஆதார், டெத் சர்டிஃபிகேட் எல்லாம் எடுத்துட்டுப் போ, பேரு வித்தியாசத்துக்கு என்ன எழுதணும், ரெகார்டு ஆபீசுக்கு எப்படி அனுப்பணும்னு அவங்க சொல்லுவாங்க, காசு கேக்க மாட்டாங்க. புரோக்கர் எவனாவது வந்தா வெளிய அனுப்பு. அத்தைக்கு ஈ.சி.ஹெச்.எஸ்.னு முன்னாள் படைவீரர் வைத்தியத் திட்டக் கார்டு இருந்தா அது தொடரும், மாமா கார்ட மட்டும் ஒப்படைக்கணும்.

குரூப்புல அழறவங்கள்ல ஒருத்தருக்கு பைக்கு இருக்கும்ல? வேலூருக்கு அழச்சிட்டுப் போகச் சொல்லு. உங்க மாமா எத்தன பேருக்காக அந்த ஆபீஸ் படி ஏறினாருன்னு அவங்களுக்கே தெரியும்.

கேள்வி: நைனா மிலிட்டரி கேண்டீன்ல வாங்கின ரம்மு நாலு பாட்டில் பீரோல இருக்கு. பதினாறாம் நாளு அவரு நெனைவா குடிக்கலாம்னு ஃப்ரண்ட்ஸ் சொல்றோம், வீட்டுல குடுக்க மாட்டேங்கறாங்க.
(உண்மையான நண்பன், மோர்தானா)

பதில்: வீட்டுல சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

கேள்வி: நான் பலமனேர் பக்கம் இருக்கற தமிழ்க்காரன். வீட்டுல தமிழு, வெளிய தெலுங்கு. நைனா ஒவ்வொரு வாய்ஸும் ரெண்டு பாஷையிலயும் போடுவாரு, மொதல்ல தமிழு, அப்புறம் எங்க ஆளுங்களுக்காக மிலிட்டரித் தெலுங்கு, பாதி இந்தி கலந்திருக்கும். அவரு வாய்ஸ் நூத்துக்கு மேல என் போன்ல இருக்கு. போன் ஹேங் ஆகுது, மாத்தணும். அந்த வாய்ஸெல்லாம் போயிடுமான்னு பயமா இருக்கு. இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்னு வீட்டுல கேக்கறாங்க.
(பலமனேர் வாசகர்)

பதில்: அண்ணே, போன மாத்தறதுக்கு முன்னாடி இந்த வேலைய முடிச்சுடுங்க. குரூப்புக்குள்ள போயி எக்ஸ்போர்ட் சாட்னு இருக்கும், மீடியாவோட சேத்துன்னு குடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பிக்கோங்க, அதுல எல்லாமே வராது, பழசு விட்டுப் போகும், அதனால முக்கியமான வாய்ஸ ஒவ்வொண்ணா அமுக்கிப் புடிச்சு உங்க நம்பருக்கே ஃபார்வர்டு பண்ணிக்கோங்க, இல்ல பையன் யாராவது இருந்தா கம்ப்யூட்டர்ல எறக்கச் சொல்லுங்க. ஒரு பென் டிரைவ்ல போட்டு அந்த மருமகப் பொண்ணு வீட்டுலயும் குடுங்க, அவங்ககிட்ட இருக்காது, வீட்டுல இருக்கறவருக்கு யாரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவா.

என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க நைனா 2006ல போனாரு, அவரு கொரலு எங்ககிட்ட ஒரு நிமிஷம்கூட இல்ல. போட்டோ இருக்கு, மெடல் இருக்கு, ட்ரங்குப் பெட்டில பேரு பெயிண்ட்ல எழுதியிருக்கு. எப்படிக் கூப்புடுவாருன்னு எனக்கு ஞாபகம் இருக்குன்னுதான் நெனச்சுட்டிருந்தேன், என் தம்பி அது அப்படி இல்லக்கான்னு வேற மாதிரி கூப்புட்டுக் காட்டறான்.

நீங்க கடுதாசியோட அனுப்பின வாய்ஸக் கேட்டேன். நாய் கொரைக்குது, காத்து சத்தம், அப்புறம் அவரு: "டைம் ரெண்டு நாப்பது. மூணு உருப்படி, ஒண்ணு குட்டி. மோர்தானா பக்கமா திரும்பிடுச்சு. யாரும் டார்ச் அடிக்க வேணாம், குட்டி இருக்கு. சரி, படுங்க எல்லாரும்." அப்புறம் அதே தெலுங்குல. படுங்கன்னு சொல்றதுக்கு அவருக்கு தெலுங்கு வார்த்த வரல போல, "ஸோ ஜாவ்"னு முடிச்சுட்டாரு.